ரீம்ஃபாஸ்மாக் வெந்நீர் ஊற்றுக்கு அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் இருப்பது சின்ன கார். ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை. தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் மாகாணத்தில் ஆடு மேய்கிற மலைகளுக்கு நடுவே ரீம்ஃபாஸ்மாக் என்று ஓர் இயற்கை வெந்நீர் ஊற்று இருக்கிறதாம், கூட்டமே இருக்காதாம். சனி, ஞாயிறு இரண்டே நாளில் போய்வர முடியுமா, அம்மாவின் முட்டிக்கு நல்லதா என்பது கேள்வி.

தம்பி, போகலாம். ஆனால் இரண்டு நாளில் முடியாது, உங்கள் சின்ன காரில் கடைசிவரை போக முடியாது, அம்மாவின் முட்டிக்காக மட்டும் என்றால் போகவே வேண்டாம். மூன்று முறை போய் வந்தவன் சொல்கிறேன். முதல் முறை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல இருக்கிறது.

முதலில் தூரம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அப்பிங்டன் ஏறத்தாழ 800 கி.மீ. என்-14 நெடுஞ்சாலையில் வென்டர்ஸ்டார்ப், ஃப்ரைபர்க், குருமான் வழியாக நேராக மேற்கே போக வேண்டும். அப்பிங்டனிலிருந்து காகமாஸ் இன்னொரு 80. காகமாஸில் ஆரஞ்சு ஆற்றைக் கடந்து சரளைச் சாலையில் ஏறினால் ஊற்றுக்கு மேலும் அறுபது கி.மீ. போல. வரைபடத்தில் அறுபது என்பதைப் பார்த்து முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே மூச்சில் ஓட்டினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும், அந்த இருட்டில்தான் குடு மான் சாலைக்குக் குறுக்கே பாயும். இருநூறு கிலோவைத் தாண்டக்கூடிய விலங்கு அது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு மடியில் வந்து விழும்.

ஆகவே குருமானில் ஒரு ராத்திரி தங்குங்கள். நகர நடுவில் ஓர் ஊற்று இருக்கிறது, ‘கண்’ என்றே அதற்குப் பெயர். சூடில்லாத நல்ல தண்ணீர், ஒரு நாளைக்குச் சுமார் 2 கோடி லிட்டர் சுரக்கிறது. பாலைவன விளிம்பில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் அம்மா கையெடுத்துக் கும்பிடுவார், என் மாமியார் கும்பிட்டார். குழந்தைக்குக் குளத்து மீன் காட்டலாம். மறுநாள் காலை நிதானமாகக் கிளம்பினால் பிற்பகல் வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போக இரண்டு நாள், அங்கே இரண்டு ராத்திரி, திரும்ப இரண்டு நாள். மொத்தம் ஐந்து நாள் கிடைக்காவிட்டால் விமானத்தில் அப்பிங்டன் போய் அங்கே வாடகை வண்டி எடுங்கள். அப்பிங்டன் சின்ன ஊர்தான், ஆனால் 4,900 மீட்டர் நீள ஓடுபாதை வைத்திருக்கிறது, உலகத்தின் மிக நீளமான ஓடுபாதைகளில் ஒன்று. அம்மாவுக்கு எண்ணூறு கிலோமீட்டர் உட்கார்ந்தே வருவதுதான் முட்டிக்குப் பெரிய தண்டனை. விமானம் என்றால் அது இல்லை.

வண்டி என்றால் எந்த வண்டி? தரைக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி நிறைய உள்ள வண்டி. இந்த ஊர்க்காரர்கள் பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டியை ‘பாக்கி’ என்பார்கள். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாருக்கோ கொடுக்க வேண்டிய கடன் ஞாபகம் வரும் எனக்கு. இரண்டு வரிசை இருக்கை உள்ள பாக்கி ஒன்று எடுத்தால் நல்லது. மேலே கிராமம்வரை சாதாரண கார் மெதுவாகப் போய்விடும். அங்கிருந்து மொலோப்போ ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைதான் விஷயம். செங்குத்தான இறக்கம், உதிர்ந்த கல், நடுவில் திட்டு. சின்ன காரின் எண்ணெய்த் தொட்டி அதில் தட்டி உடைந்தால் இழுத்துக்கொண்டு போக ஆள் வரவே ஒரு நாளாகும்.

சரளைச் சாலை ஓட்டுவது பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. ஊரில் செம்மண் சாலையில் ஓட்டியவர்களுக்கு இதென்ன பெரிசு என்று நினைப்போம். ஊர்ச் செம்மண் சாலையில் முப்பதுக்கு மேல் யாரும் போவதில்லை. இங்கே சாலை அகலமாக, நேராக, காலியாக இருக்கும், கால் தானாக மிதிக்கும். எண்பது, தொண்ணூறு என்று போகும்போது சரளை கோலிக்குண்டு மாதிரி நழுவும். அறுபதுக்கு மேல் வேண்டாம். பள்ளம் வந்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், முன்கூட்டியே காலை எடுத்து வேகத்தைக் குறையுங்கள். ஸ்டியரிங்கைச் சடாரென்று திருப்பவே கூடாது. எதிரே வண்டி வந்தால் இடது ஓரம் ஒதுங்கி, அவர் கிளப்பிய புழுதி அடங்கும்வரை நில்லுங்கள். காகமாஸிலேயே சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அதிர்வும் குறையும், கல் குத்துவதும் குறையும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துவிட வேண்டும்.

இனி என் கதை. முதல் பயணத்தில் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது. பின்புறம் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காகமாஸ் தாண்டி முப்பதாவது கிலோமீட்டரில் பின் சக்கரம் கிழிந்தது. ஸ்டெப்னியை இறக்கி உருட்டினால் அது சப்பையாக என் காலடியிலேயே படுத்துக்கொண்டது. மாலை நான்கு மணி. போனில் சிக்னல் இல்லை. அரை மணி நேரம் கழித்து மணிச் சத்தம் கேட்டது. நூறு வெள்ளாடு இருக்கும், பழுப்புத் தலை, வெள்ளை உடம்பு. பின்னால் ஒரு கிழவரும் ஒரு நாயும். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அன்றைக்கு ஆஃப்ரிகான்ஸ் வராது. சக்கரத்தைப் பார்த்தார், ஸ்டெப்னியை ஒரு உதை விட்டார், சிரித்தார், மேட்டுக்கு அப்பால் கையைக் காட்டிவிட்டுப் போனார். இருட்டும் நேரத்தில் ஒரு பையன் கழுதை வண்டியில் கைப்பம்ப்போடு வந்தான். இருநூறு தடவையாவது அடித்திருப்பான். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. வண்டியில் இருந்த முறுக்கு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு எனக்கு விளங்கியதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன். நாம் போவது சுற்றுலாத் தலத்துக்கு அல்ல, ஒருவருடைய மேய்ச்சல் நிலத்துக்கு. அதனால் அந்த நிலம் யாருடையது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ரீம்ஃபாஸ்மாக் என்பது சுமார் 75,000 ஹெக்டேர். ஆஃப்ரிகான்ஸில் அந்தப் பெயருக்குத் தோல்வாரை இறுகக் கட்டுவது என்று பொருள். ஆதி வேட்டைக்குடிகளான சான் மக்கள் சிலரைப் பிடித்து ஈரத் தோல்வாரால் பாறையோடு கட்டிப்போட்டார்கள், விடிவதற்குள் அவர்கள் தப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நாமா, டாமாரா, கோசா மக்களும் வெள்ளை அரசு ‘கலப்பினத்தார்’ என்று பதிந்த குடும்பங்களும் இங்கே சேர்ந்து ஆடு வளர்த்து வாழ்ந்தார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார்கள் கட்டிய கோயிலும் பள்ளியும் இருந்தன. 1973-74-இல் அரசு அத்தனை பேரையும் வெளியேற்றியது. நாமாவும் டாமாராவும் நமீபியாவின் கோரிக்சாஸ் பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். கோசாக்கள் கிழக்கே சிஸ்கெய் பகுதிக்கு. மற்றவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் சிதறினார்கள். காலியான நிலத்தை ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1994-இல் நிலத்தைத் திருப்பித் தருவதென்று முடிவாகி, அடுத்த ஆண்டிலிருந்து மக்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். இந்த நாட்டில் பறித்த நிலம் திரும்பக் கிடைத்த முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் முறை போனபோது டர்பனிலிருந்து எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், மாமா என்றுதான் கூப்பிடுவோம், எங்களோடு வந்தார். நான்காம் தலைமுறை. தமிழ் புரியும், பேச்சு பாதி ஆங்கிலத்தில் வரும், ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ஒரு வருஷமும் விட்டதில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து அவர்கள் குடும்பத்தைப் பெயர்த்து, இந்தியர்களுக்கென்று அரசு ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டு போட்டார்கள். வெந்நீர்க் குளத்துக்கு மேலே ஒரு தட்டைப் பாறையில் ஊர்க்காரப் பாட்டி ஒருவர் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் பாட்டி, “எங்களைக் கொண்டுபோனது எழுபத்து நாலு” என்றார். மாமா, “எங்களை அறுபத்து மூணு” என்றார். யார் கொண்டுபோனது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா, எங்கள் வாசலில் ஒரு மாமரம் இருந்தது, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்றார். பாட்டி தன் அப்பாவிடம் இருந்த கழுதைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நீங்கள் திரும்பி வந்தபோது தண்ணீர் எப்படி இருந்தது என்று மாமா பாட்டியிடம் கேட்டதற்கு, “தண்ணீர் அப்படியேதான் இருந்தது. பாதையைத்தான் நாசம் பண்ணி வைத்திருந்தார்கள்” என்று பதில் வந்தது.

ஊரில் எல்லோரும் ஆஃப்ரிகான்ஸ் பேசுவார்கள், வயதானவர்கள் சிலர் நாமாவும் பேசுவார்கள். ஆங்கிலத்தில் தொடங்காமல் காலை வணக்கத்துக்கு ஒரு ‘மோரே’, மதிய வணக்கத்துக்கு ஒரு ‘மிடாக்’, நன்றிக்கு ஒரு ‘டாங்கி’ பழகிக்கொள்ளுங்கள். பெரியவர்களை ‘ஊம்’, ‘டானி’ என்று கூப்பிட வேண்டும். மாமா, அத்தை என்று அர்த்தம். முன்பின் தெரியாத பெரியவரை மாமா என்று கூப்பிடுவது நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்தா வர வேண்டும்? முன்பதிவு, வாடகை, விறகு எல்லாம் அந்த ஊர்க்காரர்களிடம்தான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தே போன் செய்து சொல்லிவிட்டு, ரொக்கமாகச் சில்லறையோடு கொண்டுபோங்கள். பள்ளத்தாக்குக்குள் கார்டு தேய்க்கிற வசதியை எதிர்பார்க்காதீர்கள். விறகை அவர்களிடமே காசு கொடுத்து வாங்குங்கள். காய்ந்து கிடக்கிறதே என்று நாமே பொறுக்கினால் அது யாரோ ஒருவர் வீட்டு அடுப்பு விறகாக இருக்கும். மழை குறைந்த பூமியில் ஒரு கட்டை காய்வதற்கு முன்னால் அது வளரவே எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

வழியில் வேலிக் கதவுகள் வரும். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள். நல்லது செய்கிறோம் என்று திறந்த கதவை மூடிவிட்டால் ஆடுகள் தண்ணீருக்குப் போக முடியாமல் நிற்கும். சில இடங்களில் கதவுக்குப் பதில் சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். வண்டி தடதடவென்று ஏறிப் போய்விடும், ஆட்டின் கால் தாண்டாது.

சரி, ஊற்றுக்கு வருவோம். எரிமலையே இல்லாத நாட்டில் வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று குழந்தை கேட்கும், என் மகன் கேட்டான். மழைத் தண்ணீர்தான். பாறை வெடிப்புகளில் புகுந்து ஆழமாக இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பாறையைப் பொறுத்துப் பத்து முதல் முப்பது டிகிரி வரை சூடு ஏறும். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய கார்ல்டன்வில் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில், நான்கு கிலோமீட்டர் நெருங்கிய ஆழத்தில் பாறையின் சூடு 66 டிகிரி. அங்கே ஆள் வேலை செய்ய வேண்டுமே என்று மேலிருந்து பனிக்கட்டிக் கூழை இறக்குகிறார்கள். அதே சூட்டைத் தொட்ட தண்ணீர் நிலப்பிளவு ஒன்றின் வழியாக வேகமாக மேலே வந்துவிட்டால் வெந்நீர் ஊற்று. மெதுவாக வந்தால் வழியிலேயே ஆறிப் போகும். ரீம்ஃபாஸ்மாக்கின் கருங்கல்லும் வரிப்பாறையும் நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை, நெருக்குண்டும் முறிந்தும் கிடப்பவை. தண்ணீருக்கு வழி நிறைய. தென்னாப்பிரிக்காவில் இப்படி எண்பதுக்கும் மேல் ஊற்றுகள் உண்டு. 25 முதல் 37 டிகிரி வரை இளஞ்சூடு, 37 முதல் 50 வரை சூடு, அதற்கு மேல் சுடுவது என்று 1949-இல் கென்ட் என்ற நிலவியலாளர் பிரித்து வைத்தார்.

திருகோணமலைக் கன்னியா போனவர்கள் ஏழு சதுரக் கிணறும் வாளியும் வரிசையும் என்று எதிர்பார்ப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகை, அண்ணாந்து பார்க்க வைக்கிற பாறைச் சுவர், அதன் அடியில் தண்ணீர். அவ்வளவுதான். வெள்ளம் வந்து போன வருஷம் மணல் நிறைந்து முழங்கால் ஆழம் இருக்கும், இன்னொரு வருஷம் இடுப்பு வரும். ஜூன் மாதம் அதிகாலையில் போங்கள். ராத்திரிக் குளிர் மூன்று, நான்கு டிகிரிக்கு இறங்கியிருக்கும், தண்ணீரிலிருந்து ஆவி நம் ஊர் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி எழும்பும். உள்ளே இறங்கினால் பாதத்துக்குக் கீழே மணல் சூடாக இருக்கும், முகத்தில் மட்டும் குளிர் காற்று அடிக்கும். சுவரின் உச்சியில் வெயில் பட்டு மெதுவாக இறங்கி வரும். பாறை முயல் மாதிரி இருக்கும் ‘டாசி’கள் வெயில் எட்டிய திட்டு ஒவ்வொன்றிலும் வரிசையாக வந்து உட்காரும். வெயில் ஒரு அடி கீழே இறங்கினால் அவையும் ஒரு அடி இறங்கும். அவற்றுக்கு மேலே கறுப்புக் கழுகு வட்டமிட்டால் அடுத்த நொடி ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. இதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போகும். குளிக்க வந்ததே மறந்துபோகும்.

கோடையில், டிசம்பர் ஜனவரியில், இந்தப் பேச்சே வேண்டாம். நாற்பதைத் தாண்டும் வெயில், பாறை அடுப்பு மாதிரி கொதிக்கும், அதில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? கோடை முடிவில் இடிமழை காலத்திலும் வேண்டாம். மொலோப்போ பெரும்பாலும் வறண்ட ஆறு, ஆனால் பக்கத்து மலைகளில் கொட்டிய மழை, நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வரலாம். ஜூன், ஜூலைதான் சரி. அந்த வகையில் நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் பொருத்தம்.

அம்மா விஷயம். சூடான தண்ணீரில் இருக்கும்வரை முட்டி வலி குறையும், பிறகு சில மணி நேரம் தேவலையாக இருக்கும். தேய்ந்த மூட்டு அதனால் சரியாகாது. கந்தகம் இருக்கிறது, அது இருக்கிறது, எல்லா நோயும் போகும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். வெறும் ஒத்தடம்தான் தேவை என்றால் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பேலா-பேலா என்ற ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அந்த ஊருக்கு 2002-வரை வார்ம்பாத்ஸ் என்று பெயர். 52 டிகிரித் தண்ணீரை ஆறவைத்துக் குளத்தில் விடுகிறார்கள், கைப்பிடி போட்ட படி, ஈரம் வழுக்காத தரை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. முட்டிக்கு அதுவே போதும். ரீம்ஃபாஸ்மாக்கில் கைப்பிடி கிடையாது, பாசி பிடித்த பாறை உண்டு. அம்மா பாறை மேல் உட்கார்ந்து காலை மட்டும் விடுவார், மலையைப் பார்ப்பார், பேத்தி குளிப்பதைப் பார்ப்பார், அது போதும் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். மேட்டில் இருக்கும் குடில்வரை வண்டி போகும். கீழே இறக்குவதா வேண்டாமா என்பதை அங்கே போய் அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று, இதை அலட்சியம் செய்ய வேண்டாம். வருஷக்கணக்காகச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், தண்ணீர் சுடுவது தெரியாது. சிவந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆற மாதமாகும். எனவே அம்மா காலை விடுமுன் நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். ஊற்றுக்கண் பக்கம் சூடு அதிகம், விலக விலகக் குறையும். வெறுங்காலோடு நடக்க விடாமல் ரப்பர் செருப்பு போடச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழும்போது சட்டென்று எழக்கூடாது, வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும், கிறுகிறுவென்று வரும். ரத்த அழுத்த மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு மடங்கு கவனம். நீண்ட பயணத்தில் சாப்பாட்டு நேரம் தவறும், கையில் வெல்லமோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு: தலை தண்ணீருக்குள் போகக்கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறக்கூடாது. குளோரின் போடாத வெதுவெதுப்பான நன்னீரில் ஒருவகை அமீபா இருக்க வாய்ப்பு உண்டு, மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். குதிப்பது, முங்குவது, அடித்தட்டு மணலைக் கிளறி விளையாடுவது இந்த மூன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் குளிக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளையைக் குதிக்காமல் இருக்க வைப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகனை என் மனைவி இடுப்பில் வைத்துக்கொண்டே குளித்தாள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் காகமாஸிலேயே பிடித்து ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோலும் அங்கேயே நிரப்ப வேண்டும், அதற்குப் பிறகு பங்க் கிடையாது.

நம் ஆட்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெந்நீர் சும்மா கிடைக்கிறதே, எண்ணெய் தேய்த்து ஒரு முழுக்குப் போடலாமா? போடாதீர்கள். எண்ணெய், சீயக்காய், ஷாம்பு, சோப்பு எதுவும் அந்தத் தண்ணீரில் கலக்கக் கூடாது. வழிந்து போகும் நீரைக் கீழே ஆடு குடிக்கிறது, அந்த ஆட்டை நம்பித்தான் குடும்பம். எண்ணெய்ப் படலம் மிதக்கும் தண்ணீரில் அடுத்து இறங்குகிறவர் யார் என்றும் யோசிக்க வேண்டும். மேலே குடிலில் விறகு போட்டுச் சூடாக்கும் பீப்பாய் பாய்லர் இருக்கும், ‘டொங்கி’ என்பார்கள், கழுதை என்று அர்த்தம். எண்ணெய்க் குளியலை அங்கே வைத்துக்கொள்ளலாம். நன்றி சொல்வதும் கழுதையைச் சொல்வதும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். மாமா ஒரு டானியிடம் நன்றி சொல்லப் போய் என்ன சொன்னாரோ, அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

சாப்பாடு நாம்தான் கொண்டுபோக வேண்டும். முதல் நாளைக்குப் புளியோதரை, ஜூன் குளிரில் மறுநாளும் தாங்கும். பிறகு அரிசி, பருப்பு, உருளை, வெங்காயம், ஊறுகாய். இங்கே தணலில் சுடும் உருண்டை ரொட்டி, ‘ரூஸ்டர்கூக்’, ஊரில் யாராவது போட்டுக் கொடுத்தால் விடாதீர்கள். பூண்டு ஊறுகாயோடு அது எப்படி இருக்கும் என்று சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி எந்தத் தின்பண்டத்தையும் வெளியே வைக்காதீர்கள், பபூன் குரங்கு காலையில் வந்து கணக்குத் தீர்க்கும். காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு. முன்னால் இருக்கும் இடுக்கி மெல்லியதாகவும் வால் தடித்தும் இருந்தால் விஷம் கடுமையானது.

வரும் வழியில் ஓக்ராபிஸ் அருவிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 56 மீட்டர் உயரத்திலிருந்து ஆரஞ்சு ஆறு கருங்கல் பிளவுக்குள் விழுகிறது. அம்மாவுக்கு நடை குறைவு, பார்க்கும் மேடைகளுக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். குற்றாலம் மாதிரி குளிக்க முடியாது என்று அவர் குறைப்படுவார், பரவாயில்லை. சாலை ஓரத்துக் குன்றுகளில் கிளை கிளையாகப் பிரிந்து மெழுகு பூசினாற்போல் நிற்பது கோக்கர்பூம் என்ற மரம். அதன் கிளையைக் குடைந்து சான் வேட்டைக்காரர்கள் அம்பறாத்தூணி செய்தார்கள். குழந்தைக்கு மரத்தைக் காட்டி இதையும் சேர்த்துச் சொன்னால் மறக்காது.

குடிலை முன்பதிவு செய்யப் போன் அடிக்கும்போது உடனே எடுக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், எடுப்பவர் ஆட்டோடு மலை மேல் இருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அடியுங்கள். வண்டி எடுக்கும் இடத்தில் ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொல்லி, காற்றை அளந்து பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். டிக்கியில் ஒரு கைப்பம்ப். ஒரு டப்பா முறுக்கு கூடுதலாக.